பெட்டி மாட்டினால் பறவை வராது

பறவைகளுக்குக் குடியிருக்க இடமில்லை, நாம்தான் ஒரு வீடு செய்து கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் கிள்ளான் பள்ளத்தாக்கில் நல்ல மனம் படைத்த பலரிடம் வேர்விட்டுவிட்டது. ஹார்ட்வேர் கடையிலும் செடிக்கடையிலும் இணையக் கடைகளிலும் மரப்பெட்டிகள் விற்கின்றன. சிவப்புக் கூரை, வட்டத் துளை, துளைக்குக் கீழே பறவை உட்கார ஒரு குச்சி. பள்ளிப் பிள்ளைகள் அதையே ஐஸ்கிரீம் குச்சிகளை ஒட்டிச் செய்கிறார்கள். அப்படி ஒரு பெட்டியை முன்வாசல் கிரில்லில் மாட்டி, பக்கத்தில் ஒரு பிடி சோறும் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைத்துவிட்டால் விடியற்காலையில் பாட்டுச் சத்தம் கேட்கும் என்று நம்புகிறோம். கேட்காவிட்டாலும் புண்ணியம் ஒன்று செய்த நிறைவு மிஞ்சிவிடுகிறது.

இந்த நம்பிக்கையை நான் மறுக்கிறேன். நம் வாசலில் பாடுகிற பறவைகளில் பெரும்பாலானவை எந்தப் பெட்டிக்குள்ளும் நுழைவதில்லை. நுழைகிறவற்றில் பல, பாடகர்களை விரட்டுகிற இனங்கள். இவை இரண்டையும்விடப் பெரிய கேடு இன்னொன்று. பெட்டி மாட்டிய கையோடு வேலியை மொட்டையடிக்கிறோம், காய்ந்த மரத்தை வேரோடு சாய்க்கிறோம், கொசுப்புகை அடிக்கச் சொல்லி மனு கொடுக்கிறோம். பறவைக்குச் செய்ய வேண்டியதைத்தான் செய்துவிட்டோமே என்ற தைரியத்தை அந்தப் பெட்டி நமக்குக் கொடுத்துவிடுகிறது.

முதலில் இங்கே யார் பாடுகிறார்கள் என்று பார்ப்போம். கிள்ளானில் ஒரு சாதாரணத் தாமான் வீட்டுக் காலைப்பொழுதில் சின்னானின் கலகலப்புக் கேட்கும். மஞ்சள் பிட்டமும் வெளுத்த முகமும் கொண்ட கொண்டைக்குருவி அது. அது செடியின் கிளைக்கவட்டில், இலை மறைவில், கிண்ணம்போலத் திறந்த கூடு கட்டும். தையல்சிட்டு அகலமான இலையின் ஓரங்களைத் துளைத்து, நாரும் சிலந்தி நூலும் கொண்டு சேர்த்துத் தைத்து, அந்தப் பைக்குள் முட்டையிடும். மாங்குயில் உயரமான மரக்கிளையில் தொட்டில் கட்டும். பூங்கொத்திக் குருவி பஞ்சாலான ஒரு பையைத் தொங்கவிடும். மணிப்புறாவுக்கு நாலு குச்சியைக் குறுக்கும் நெடுக்கும் போட்ட மேடை போதும். இவற்றில் ஒன்றுக்குக்கூட நாலு பக்கமும் அடைத்த மரப்பெட்டி வீடாகாது. அது ஏதோ ஒரு பெரிய உயிரின் வாய் என்றே அவற்றுக்குப் படும்.

தேன்சிட்டின் கூட்டை ஒருமுறை கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். இங்கே அது பெரும்பாலும் நம் முகத்துக்கு நேராகவே கட்டும். துணி காயப்போடும் கம்பி, தொங்கும் பூத்தொட்டியின் சங்கிலி, தாழ்வாரத்தில் ஆடும் பழைய வயர் முனை, எதுவும் அதற்குச் சம்மதம். கட்டுவது பெரும்பாலும் பெண்பறவைதான். முதலில் சிலந்தி வலையை அலகில் சுருட்டிவந்து கம்பியில் சுற்றும். அதன்மேல் உலர்ந்த புல், மரப்பட்டைத் துணுக்கு, புழுக்களின் எச்சம், சில சமயம் கிழிந்த பிளாஸ்டிக் இழை என்று ஒட்டிக்கொண்டே வரும். உருவம் சுரைக்குடுக்கை போல வந்ததும் உள்ளே புகுந்து, சிறகைப் படபடவென்று அடித்து, நெஞ்சால் முட்டி முட்டி வயிற்றுப் பகுதியை அகலப்படுத்தும். வாசல் பக்கவாட்டில் இருக்கும். வாசலுக்கு மேலே மழைச்சாரல் படாதபடி ஒரு சின்ன இறவாரம். கீழே குப்பைபோல ஒரு வால் தொங்கும். தூரத்திலிருந்து பார்த்தால் காற்றில் சிக்கிய சருகு என்றே தோன்றும். கூட்டின் பாதுகாப்பே அந்தத் தோற்றத்தில்தான் இருக்கிறது. நம் ஆட்கள் அதைக் குப்பை என்று நினைத்தே துடைப்பக்கட்டையால் தட்டிவிடுகிறார்கள். அதே வாசலில் சிவப்புக் கூரை போட்ட காலிப்பெட்டி ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும்.

பெட்டி வைக்கும் பழக்கம் குளிர்நாடுகளில் வளர்ந்தது. அங்கே அதற்குத் தக்க காரணம் உண்டு. பட்டாணிக்குருவி வகைகளும் வட அமெரிக்காவின் நீலக்குருவியும் பொந்தில் மட்டுமே முட்டையிடுகிற இனங்கள். பொந்து விழுந்த முதுமரங்களை வெட்டித் தள்ளியபின் அவற்றுக்கு இடமில்லாமல் போனது. அதோடு ஐரோப்பாவிலிருந்து கொண்டுபோன ஊர்க்குருவியும், 1890இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் திறந்துவிடப்பட்ட ஐரோப்பிய மைனாவும் மிச்சமிருந்த பொந்துகளைப் பிடித்துக்கொண்டன. நீலக்குருவியை மீட்டெடுத்ததில் பெட்டிகளுக்குப் பெரும்பங்கு உண்டு என்பது உண்மை. ஆனால் அந்த மீட்பு எப்படி நடந்தது என்பதை நம் ஊர்ப் பெட்டி வியாபாரம் சொல்வதில்லை. துளையின் விட்டம் 38 மில்லிமீட்டர். அதற்கு மேல் போனால் ஐரோப்பிய மைனா நுழைந்துவிடும். வாராவாரம் ஒருவர் போய்த் திறந்து பார்ப்பார். ஊர்க்குருவி குடியேறியிருந்தால் கூட்டை வெளியே எடுத்துப் போடுவார். பார்த்துக்கொள்ள ஆளில்லாத பெட்டி நீலக்குருவிக்குத் தீமையே செய்யும் என்று அங்கே அந்த வேலையில் இருப்பவர்களே சொல்கிறார்கள். நாம் பெட்டியை மட்டும் இறக்குமதி செய்தோம். பின்னால் இருந்த பறவையையும் பார்வையாளரையும் விட்டுவிட்டோம்.

தமிழர்களான நமக்கு இந்த நம்பிக்கை இன்னொரு வழியிலும் வந்து சேர்ந்தது. மார்ச் 20 உலகச் சிட்டுக்குருவி நாள். 2010இலிருந்து கொண்டாடப்படுகிறது. அந்த நாளை ஒட்டித் தமிழ்நாட்டிலிருந்து படங்களும் காணொளிகளும் நம் கைப்பேசிக்கு வந்து குவிகின்றன: சிட்டுக்குருவி அழிகிறது, கைப்பேசிக் கோபுரம் கொல்கிறது, அட்டைப்பெட்டியில் துளை போட்டு மாட்டுங்கள். சென்னையில் பள்ளிப் பிள்ளைகளை வைத்துக் குருவிக்கூடு செய்கிறவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஓட்டு வீடும் கூரைச் சந்தும் மறைந்து கண்ணாடிச் சுவர்கள் எழுந்த நகரத்தில் அவர்கள் குறிவைப்பது பொந்தில் குடியிருக்கும் ஒரு குறிப்பிட்ட பறவையை. ஆனாலும் 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால் சிட்டுக்குருவியின் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாக இருக்கிறது என்றும், பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றும் கூறியது. கோபுரக் கதிர்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதும் அதில் இருக்கிறது.

அது இந்தியாவின் கதை. பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலைக் கடைகளின் அஞ்சடியில் தத்தித் தத்தி வந்து சோற்றுப் பருக்கை பொறுக்குவது வேறு குருவி. உற்றுப் பாருங்கள்: உச்சந்தலை செம்பழுப்பு, வெள்ளைக் கன்னத்தில் கறுப்புப் பொட்டு, ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம். ஊரில் நம் தாத்தா பாட்டி பார்த்த குருவியில் பெண்ணுக்குத் தொண்டையில் கறுப்பு இருக்காது. இங்கே உள்ளது மரச்சிட்டு. அது கடைவீட்டு ஓட்டுச் சந்திலும், ஏர்கண்டிஷனர் குழாய்க்குப் போட்ட துளையிலும், ரயில் நிலைய உத்தரத்திலும், விளம்பரப் பலகையின் பின்புறத்திலும் தாராளமாகக் கூடு கட்டிப் பெருகியிருக்கிறது. இடமில்லாமல் தவிக்கும் பறவை அல்ல அது. அதற்குப் பெட்டி மாட்டுவது, இருப்பவனுக்கே இன்னொரு வீடு எழுதிக் கொடுப்பது.

துளை கொஞ்சம் பெரிதாக இருந்தால் வருவது மைனா. நம் ஊர் நாட்டு மைனாவைக்கூட இப்போது ஓரங்கட்டிவிட்டு நிற்கிறது ஜாவா மைனா. சாம்பல் கலந்த கறுப்பு உடல், மஞ்சள் அலகு, நெற்றியில் குட்டையாகச் சிலிர்த்து நிற்கும் இறகு. 1920களில் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்ட இனம். இன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் கார் நிறுத்துமிடங்களும் சாப்பாட்டுக் கடைகளும் அதன் ராஜ்யம். பொந்துக்குச் சண்டை போடுவதில் அதற்கு நிகர் இல்லை. அகலத் துளைப் பெட்டி ஒன்றை மாட்டி, பக்கத்தில் சோறும் வைத்தால், அந்தத் தெருவுக்கு ஒரு ஜோடி ஜாவா மைனாவைக் கூடுதலாகக் கொடுக்கிறோம். அந்தத் தெருவில் அதுவரை பாடிக்கொண்டிருந்த பறவை வேறு இடம் தேட வேண்டியதுதான்.

சோறு வைப்பதைப் பற்றிச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும். காக்கைக்குச் சோறு வைப்பது நம் வீடுகளில் வழிபாட்டோடு கலந்தது. விரத நாளிலும் திதி நாளிலும் வைக்கிற அந்தப் பிடிச் சோற்றில் நான் தலையிடவில்லை. நான் பேசுவது பாட்டுப் பறவையை வரவழைக்கவென்று நாள்தோறும் கொட்டுகிற சோற்றைப் பற்றி. இங்கே நம் தெருக்களில் திரியும் வீட்டுக்காகம் இயல்பாக இருந்த பறவையே இல்லை. சிலாங்கூரில் ரப்பருக்கு முன்னால் காப்பித் தோட்டங்கள் இருந்த காலத்தில், செடியை அரித்த புழுக்களைத் தின்னட்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்தார்கள். காப்பி போய்விட்டது, காகம் நின்றுவிட்டது. பிற்காலத்தில் உள்ளாட்சிகள் துப்பாக்கி எடுத்துச் சுடுகிற அளவுக்குப் பெருகியது. காகம் சின்னானின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். சோற்றுக்கு வந்து உட்காருகிற காகம் செம்பருத்திச் செடியையும் ஒரு கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போகும். பாட்டுப் பறவைகளில் பலவும் தங்கள் குஞ்சுக்குச் சோறு ஊட்டுவதில்லை. புழு, வண்டு, சிலந்தி, வெட்டுக்கிளி, இவைதான் குஞ்சின் உணவு. தேனையே நம்பி வாழ்வதாக நாம் நினைக்கும் தேன்சிட்டும் குஞ்சுக்குப் பூச்சிதான் கொண்டுவந்து கொடுக்கும்.

நான் சொல்வதற்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான வாதம் ஒன்று உண்டு. அது நம்மவர்களின் அனுபவத்திலிருந்தே வருகிறது. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் கூகைப் பெட்டியைப் பார்த்திருப்பார்கள். கம்பத்தின் உச்சியில் நிற்கும் பெரிய பெட்டி. 1980களிலிருந்து இந்நாட்டுத் தோட்டங்களில் எலியை அடக்கக் கூகைக்குப் பெட்டி வைக்கிறார்கள்; ஐந்து முதல் பத்து ஹெக்டருக்கு ஒன்று என்று கணக்கு வைத்து நட்ட தோட்டங்கள் உண்டு. பெட்டி வைத்தார்கள், கூகை வந்தது, எலியைத் தின்றது. பிறகு எப்படிப் பெட்டி பயனற்றது என்கிறாய் என்று கேட்கலாம்.

கேள்வி நியாயமானது. பதிலும் அந்தத் தோட்டத்திலேயே இருக்கிறது. செம்பனை வரிசையில் கூகைக்கு இரை கொள்ளை கொள்ளையாக இருந்தது, திறந்த வேட்டை நிலம் இருந்தது, பகலில் நிழல் இருந்தது. இல்லாதது ஒன்றே ஒன்று: முட்டையிடப் பொந்து. பனை வயதாகிப் பொந்து விடுவதற்குள் தோட்டம் மறுநடவு ஆகிவிடும். ஆகவே ஒரே ஒரு குறையை ஒரு பெட்டி தீர்த்தது. அதே தோட்டங்களில் வீரியமான இரண்டாம் தலைமுறை எலிவிஷத்தை வைத்த இடங்களில் விஷமுண்ட எலியைத் தின்று கூகைகள் குறைந்தன. பெட்டிகள் அதே கம்பத்தில் அப்படியே இருந்தன. சபாவில் கினபத்தாங்கான் ஆற்றோரக் காடுகளில் இருவாச்சிக்குச் செயற்கைக் கூடு வைத்ததும் இப்படித்தான்: பழம் இருக்கிறது, காடு ஓரளவு இருக்கிறது, ஆனால் அந்தப் பெரிய உடம்பு நுழையும் பொந்துள்ள முதுமரங்களை வெட்டிவிட்டார்கள். எந்தப் பறவைக்கு எது குறைகிறது என்று முதலில் கேட்டார்கள், பிறகு ஆணி அடித்தார்கள். நம் தாமானில் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

கேட்டால், கிள்ளான் பள்ளத்தாக்கின் பாடகர்களில் ஒரே ஒரு பறவைக்குத்தான் பெட்டியால் பயன் உண்டு என்று தெரியவரும். குண்டுக்கரிச்சான். மலாயில் முராய். கறுப்பும் வெள்ளையுமாய், வாலை நிமிர்த்திக்கொண்டு, விடிவதற்கு முன்பே கூரை முகட்டில் ஏறிப் பாடுகிற பறவை. நாம் கேட்கும் குரல்களில் இதற்கு இணை இல்லை என்பது என் எண்ணம். அது மரப்பொந்திலும் சுவர் மாடத்திலும் குழாய் வாயிலும் சில சமயம் தபால் பெட்டியிலும் கூடு வைக்கும். மரப்பெட்டியையும் ஏற்றுக்கொள்ளும். 1920களில் சிங்கப்பூரில் சர்வ சாதாரணமாக இருந்த இந்தப் பறவை 1970களில் அரிதாகிவிட்டது. கூண்டுக்காகப் பிடித்தது, பொந்துக்குப் போட்டியிட்ட மைனாக்கள், மாறிப்போன நிலம் ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன. நம் பக்கத்திலும் அதற்கு முதல் பகை கூண்டுதான். 2015 முதல் 2020 வரை மலேசியாவோடு தொடர்புடைய கடத்தல்களில் பிடிபட்ட குண்டுக்கரிச்சான்கள் 20,000க்கும் மேல் என்று வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் டிராபிக் அமைப்பு 2021இல் எழுதியது. இவற்றில் பெரும்பாலானவை இந்தோனேசியச் சந்தைக்குப் போக இருந்தவை. பிடிபட்டதே இவ்வளவு. கை எட்டும் உயரத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி, ஒரே இடத்தில் ஆண்டுதோறும் குஞ்சு பொரிக்கும் ஒரு பெட்டி யாருக்கு வசதி என்று யோசித்துவிட்டு மாட்டுங்கள்.

அப்படி யோசித்த பிறகும் மாட்ட விரும்புகிறவர்களுக்கு, எப்படி மாட்டுவது என்று சொல்வது என் கடமை. கடையில் விற்கும் அலங்காரப் பெட்டியை வாங்காதீர்கள். மெல்லிய பிளைவுட், நம் மழையில் ஒரு பருவத்தில் உப்பிப் பிரிந்துவிடும். தகரக் கூரை போட்டது என்றால் இரண்டு மணி வெயிலில் உள்ளே இருக்கும் குஞ்சு வெந்துபோகும். இரண்டு சென்டிமீட்டர் தடிப்புள்ள பலகை வேண்டும். துறைமுகப் பக்கம் கிடைக்கும் பழைய பேலட் பலகையில் நன்றாகச் செய்யலாம். ஆனால் அதில் குத்தியிருக்கும் முத்திரையைப் படியுங்கள். எச்டி (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம். எம்பி (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகையிட்டது, தொடவே வேண்டாம். உள்ளே வர்ணமோ வார்னிஷோ பூசக்கூடாது. உட்புறப் பலகையை இழைக்காமல் சொரசொரப்பாக விடுங்கள். குஞ்சு நகத்தால் பற்றி ஏறி வாசலுக்கு வருவதற்கு அது உதவும்.

தளம் பன்னிரண்டிலிருந்து பதினைந்து சென்டிமீட்டர் சதுரம். துளை தளத்திலிருந்து பதினைந்து சென்டிமீட்டர் உயரத்தில். துளையின் விட்டம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். நான்கரை சென்டிமீட்டர் போதும். ஐந்தைத் தாண்டினால் மைனாவுக்குக் கதவைத் திறந்துவிட்டதாகும். துளைக்குக் கீழே குச்சி வைக்கவே கூடாது. பொந்தில் வாழும் பறவைக்கு அந்தக் குச்சி தேவையில்லை. முட்டை தின்ன வருகிறவை நிற்பதற்கே அது உதவும். தளத்தின் நான்கு மூலையிலும் தண்ணீர் வடியத் துளை போடுங்கள். கூரைக்கும் பக்கப்பலகைக்கும் இடையே காற்றுப் போக ஒரு விரற்கடை சந்து விடுங்கள். கூரை முன்னால் ஐந்தாறு சென்டிமீட்டர் நீட்டிச் சரிந்திருக்கட்டும். ஒரு பக்கப்பலகை திருகாணியைக் கழற்றினால் திறக்கும்படி இருக்க வேண்டும். திறக்க முடியாத பெட்டியைச் சுத்தம் செய்ய முடியாது. சுத்தம் செய்ய முடியாத பெட்டியை மாட்டவே கூடாது.

இடம்: மாலை வெயில் படாத பக்கம், ஆள் கைக்கு எட்டாத உயரம், இலை நிழல், ஏர்கண்டிஷனர் வெளிப்பெட்டியின் அனல் அண்டாத மூலை. மாங்கிளையில் மாட்டினால் முசுறு எறும்பு வந்தே தீரும். மலாயில் கெரெங்கா என்கிற அந்தச் சிவப்பு எறும்பு பறக்காத குஞ்சைக் கொன்றுவிடும். கிளைக்குப் பதிலாகத் தனிக் கம்பத்தில் வைத்து, கம்பத்தின் நடுவே தகரத்தால் கூம்பு ஒன்று பொருத்தினால் அணில், பாம்பு, பூனை மூன்றும் ஏறுவது கடினம். கம்பத்தில் கிரீஸ் தடவுவதானால் பறவை உரசாத கீழ்ப்பகுதியில் மட்டும். ஆரம்பத்தில் சில வாரங்களுக்கு மரச்சிட்டு புல் கொண்டுவந்து அடைக்கும். முட்டை இடுவதற்கு முன் அதை எடுத்துவிடுங்கள். முட்டை வந்துவிட்டால், எந்தப் பறவையாக இருந்தாலும், கை வைக்காதீர்கள். முட்டையிலிருந்து குஞ்சு பறந்து போகும்வரை ஏறக்குறைய ஒரு மாதம். அதுவரை திறக்க வேண்டாம், படம் எடுக்க வேண்டாம். குஞ்சுகள் போனபிறகு முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு பழைய கூட்டை அகற்றி, கொதிநீர் ஊற்றித் தேய்த்து, நன்றாக உலரவிட்டு மறுபடி மாட்டுங்கள். பூச்சிமருந்து மட்டும் அடிக்காதீர்கள். இவ்வளவும் ஆண்டுதோறும் செய்ய நேரமில்லை என்றால் பெட்டி வேண்டாம். அதில் குற்றம் ஒன்றும் இல்லை.

தண்ணீர்க் கிண்ணத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாள்தோறும் கொட்டிக் கழுவி நிரப்ப முடியாதவர்கள் வைக்கக்கூடாது. ஏடிஸ் புழு கண்டால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் என்பது ஒருபுறம். டிங்கி வந்தால் தெருவுக்குப் புகையடிக்க வண்டி வரும். அந்தப் புகை கொசுவோடு நிற்பதில்லை, பறவைக் குஞ்சின் வாய்க்குப் போக வேண்டிய பூச்சிகளையும் சேர்த்துக் கொல்லும். கொசு பெருகும் தண்ணீரைக் கொட்டிவிடுவது பெட்டி மாட்டுவதைவிடப் பறவைக்குச் செய்யும் பெரிய உதவி.

"ஒன்றுமில்லாததற்கு ஒரு பெட்டியாவது இருக்கட்டுமே" என்பார்கள். ஒன்றுமில்லை என்பதே தவறு. நம் வாசலில் ஏற்கெனவே இருப்பதை நாம் கணக்கில் எடுப்பதில்லை. பிரிக்பீல்ட்ஸில் நூறு குவாட்டர்ஸ் என்று நாம் சொன்ன பழைய அரசாங்கக் குடியிருப்பு இடிபட்டபோது வீடுகளை நினைத்து வருந்தினோம். வாசல் மரங்களும் அவற்றோடு போனதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. இன்றும் நம் வீட்டு வேப்பமரத்தின் பழத்துக்குச் சின்னானும் குயிலும் வருகின்றன. கோயில் அரசமரம் காய்க்கும் நாளில் செக்கச் சிவந்த கண்ணுடன் பளபளக்கும் கறுப்பு மைனாக் கூட்டமும் குக்குறுவானும் அங்கே விருந்தாடுவதை நிமிர்ந்து பார்த்தால் காணலாம். வெட்சிப்பூ வேலி, செம்பருத்தி, மலாயில் செரி என்கிற சர்க்கரைப்பழ மரம், முருங்கை, கறிவேப்பிலை, சுவரில் படரவிட்ட கொடி. இவை எல்லாம் கூடுகள்தாம். நாம் செய்ய வேண்டிய வேலை இவற்றில் கத்தரி வைக்காமல் இருப்பது, அதுவும் சரியான மாதங்களில். குண்டுக்கரிச்சான் தென்கிழக்காசியாவில் ஜனவரி முதல் ஜூன்வரை குஞ்சு பொரிக்கிறது. இங்கே மற்றவையும் பெரும்பாலும் ஆண்டின் முற்பாதியில்தான். நம் தெருக்களில் சீனப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் முன்னால் வேலியைச் சீராக வெட்டுவது வழக்கம். அந்த வெட்டு பல ஆண்டுகளில் சரியாகக் கூட்டின்மேல் விழுகிறது.

காய்ந்த தென்னையையும் பட்டுப்போன மரத்தையும் பற்றி ஒரு வார்த்தை. குக்குறுவானும் மரங்கொத்தியும் பொந்தைத் தாமே குடைந்துகொள்ளும். அவை விட்டுப்போன பொந்தில் குண்டுக்கரிச்சான் குடியேறும். மரத்தை அடியோடு வெட்டி வேரைத் தோண்டிவிட்டு, பிறகு செயற்கைப் பொந்தைக் காசு கொடுத்து வாங்குகிறோம். விழுந்தால் வீட்டுக்கோ காருக்கோ ஆளுக்கோ ஆபத்து என்றால் வெட்டத்தான் வேண்டும். அப்படி இல்லாத இடத்தில், ஆள் உயரத்துக்கு இரண்டு பங்கு விட்டு மேலே வெட்டச் சொல்லுங்கள். அந்த மொட்டைத் தண்டு சில ஆண்டு நிற்கும்; நாம் மாட்டும் எந்தப் பெட்டியையும்விடப் பறவைகள் அதை விரும்பும்.

சிவகங்கை மாவட்டத்தில் பொத்தகுடி என்ற கிராமத்தில் 2020இல் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். தெருவிளக்குகளின் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு குருவி கூடு கட்டி முட்டையிட்டது. சுவிட்சைத் தட்டினால் கூடு கலையும். ஊர் கூடிப் பேசி, குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை ஒரு மாதத்துக்கும் மேல் தெருவிளக்கு இல்லாமல் இருட்டில் நடந்தார்கள். அவர்கள் எந்த வீட்டையும் வாங்கி மாட்டவில்லை. பறவை தானே ஓர் இடத்தைத் தேர்ந்துகொண்டது. ஊர் தன் கையை எடுத்துக்கொண்டது. கிள்ளானில் துணிக்கம்பியில் தேன்சிட்டுக் கூடு இருக்கும் ஒரு வீட்டுக்காரர் அந்தக் கம்பியை விட்டுவிட்டு வேறு கம்பி கட்டிக்கொள்வதும் அதே வேலைதான், செலவு சில வெள்ளி.

தனிவீட்டுக்காரர் இதைத் தானே செய்யலாம். அடுக்குமாடியிலும் வேலியிட்ட தாமானிலும் இருப்பவர்களுக்குச் செடியின்மேல் அதிகாரம் இல்லை. அது குத்தகைக்காரரிடமும் மேலாண்மைக் குழுவிடமும் இருக்கிறது. ஆகவே கேட்க வேண்டிய இடம் அந்தக் குழுவின் ஆண்டுக்கூட்டம். தோட்டப் பராமரிப்புக் குத்தகையில் இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்: ஜனவரி முதல் ஜூன்வரை வேலியையும் புதரையும் வெட்டுவதற்கு முன் ஒருவர் உள்ளே கூடு இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும், கூடு உள்ள செடியைச் சுற்றி ஒரு மீட்டர் விட்டுத்தான் இயந்திரம் ஓட வேண்டும். கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்கள் தங்கள் அரசமரத்துக்கும் ஆலமரத்துக்கும் இதையே எழுதி வைக்கலாம். பறவையை அடையாளம் காணத் தெரியாதவர்களுக்கு, 1940இல் தொடங்கிய மலேசிய இயற்கைக் கழகத்தின் தலைமையகம் பிரிக்பீல்ட்ஸிலிருந்து தூரமில்லை; புக்கிட் பெர்செகுத்துவானில், ஜாலான் கிளந்தானில் இருக்கிறது. பெட்டிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பறவைக் கையேடு வாங்குங்கள். மிச்சமிருந்தால் ஒரு வெட்சிச் செடி வாங்கி, கத்தரி படாத மூலையில் நடுங்கள்.